கடல்மீன் தொட்டியில் சண்டையா? கொளத்தூரில் கிடைக்கும் தடுப்புப் பெட்டிகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்

புதிதாக விட்ட கடல்மீன் மறுநாளோ அதற்கு மறுநாளோ பாறை இடுக்கில் செத்துக் கிடந்தால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "செட் ஆகலை" என்பதுதான். உப்பளவு சரி, வெப்பம் சரி, அமோனியா பூஜ்யம், ஆனாலும் மீன் போய்விட்டது என்றால் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் உடலை ஒரு நிமிடம் பாருங்கள். வால்துடுப்பு நார்நாராகக் கிழிந்திருக்கும். விலாவில் செதில் உரிந்திருக்கும். செத்தபின் நண்டும் இறாலும் கொறித்தாலும் இப்படித் தெரியலாம் என்பது உண்மை. ஆனால் முந்தின நாள் முழுக்க அந்த மீன் மேல் மூலையில், ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வேகவேகமாகச் செவுளை அடித்துக்கொண்டிருந்தது என்றால் பெரும்பாலும் நடந்தது இதுதான்: தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் மீன் அதை அடித்தே கொன்றிருக்கிறது.

இதைத் தடுக்க உருப்படியான ஒரு சாமான் உண்டு: புது மீனைச் சில நாள் உள்ளே வைத்துத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடும் ஓட்டைபோட்ட பெட்டி. கடைகளில் அக்ளிமேஷன் பாக்ஸ் என்பார்கள், சில இடங்களில் பிரீடிங் பாக்ஸ் என்றே எடுத்துத் தருவார்கள். கொளத்தூர், வில்லிவாக்கம் பக்கத்து வண்ணமீன் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் வகைகளை இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கடல்மீனுக்கு ரெடிமேடாக வரும் வலைப் பெட்டி வேண்டாம். நாமே அளவு சொல்லி, சறுக்குக் கதவோடு செய்து வாங்கும் அக்ரிலிக் பெட்டிதான் வாங்கத் தகுந்தது. அதையும் முதல் மீன் வாங்கும்போதே வாங்கிவிட வேண்டும், சண்டை தொடங்கிய பிறகு அல்ல.

பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் எது நல்ல பெட்டி என்று தெரியும். கடலில் ஒரு டாம்சல் (எல்லை காக்கும் சிறிய முரட்டு மீன்) இன்னொரு மீனை விரட்டினால், அது சில அடி தள்ளிப் போனதும் விரட்டல் முடிந்துவிடும். மூன்றடித் தொட்டியில் தள்ளிப் போக இடமில்லை. எங்கே ஓடினாலும் அடிக்கிற மீனின் எல்லைக்குள்ளேயேதான் இருக்கும், அதனால் விரட்டல் முடிவதேயில்லை. கடித்த காயத்தைவிட, நிற்க இடமில்லாமல், சாப்பிட முடியாமல், தூங்க முடியாமல் இரண்டு நாளில் மீன் ஓய்ந்துபோவதுதான் பல சாவுகளுக்குக் காரணம். பெட்டிக்குள் இருக்கும் மீனைப் பழைய மீன் பார்க்கலாம், அதன் வாசனை கலந்த தண்ணீரில் நீந்தலாம், ஆனால் கடிக்க முடியாது. மோதி மோதிப் பார்த்துவிட்டு, பலனில்லை என்று ஆனதும் விட்டுவிடும். கொளத்தூர்க்காரர்களுக்கு இது புது விஷயம் இல்லை. ஃபைட்டர் ஜோடி சேர்க்கும்போது பெண்மீனைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஆணுக்குக் காட்டிவிட்டுப் பிறகு திறந்துவிடுகிறார்களே, அதே உத்திதான். கடல்மீனுக்கு நாள் அதிகம் பிடிக்கும், பெட்டியின் தரமும் கூடுதலாக வேண்டும்.

கடையில் கிடைப்பவை

கம்பிச் சட்டத்தில் மாட்டிய நைலான் வலைப் பெட்டிதான் எல்லாவற்றிலும் மலிவு. கப்பிக் குஞ்சுக்கு அது சரி. கடல் தொட்டியில் இதனால் மூன்று ஆபத்து. கோரல் பியூட்டி போன்ற குட்டி ஏஞ்சல் மீன்களுக்குக் கன்னத்தில் பின்னோக்கி நீளும் முள் இருக்கும். அது வலையில் சிக்கினால் மீன் உதறி உதறியே தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும். டேங் (tang, தட்டையான ஒரு கடல்மீன் வகை) மீன்களுக்கு வால் அடியில் கத்தி போன்ற முள் உண்டு, அதுவும் வலையில் மாட்டும். வலை உள்ளே சுருங்குவதால் வெளியிலிருக்கும் மீன் வலையோடு சேர்த்தே துடுப்பைக் கடித்து இழுக்கும். இது போதாதென்று, உலோகச் சட்டம் வைத்தவை உப்புத் தண்ணீரில் சீக்கிரமே துருப்பிடிக்கின்றன. ஒதுக்கிவிடுங்கள்.

வெளியே கண்ணாடியில் மாட்டி, ஏர் பம்பால் தண்ணீரை ஏற்றி இறக்கும் பிளாஸ்டிக் பெட்டி அடுத்த வகை. இதில் உள்ள மீனுக்குப் பாதுகாப்பு முழுமையானது. கோபி, ஃபயர்ஃபிஷ் போன்ற இரண்டு அங்குலத்துக்குள் அடங்கும் மீனுக்குப் போதும். ஆனால் பெட்டி தொட்டிக்கு வெளியே இருப்பதால் உள்ளிருக்கும் மீனும் வெளியிலிருக்கும் மீனும் ஒன்றையொன்று சரியாகப் பார்ப்பதில்லை. புது மீன் இளைப்பாறும், தெம்பாகும், சாப்பிடப் பழகும். பழைய மீன் அதற்குப் பழகாது. பெட்டியின் முக்கிய வேலையே நடக்கவில்லை. தவிர, மாட்டும் கொக்கிகள் மெல்லிய விளிம்புக்குச் செய்தவை. நம் ஊரில் கட்டும் மூன்றடி, நாலடித் தொட்டிகளில் மேல்விளிம்பு ஓரமாக இரண்டு அங்குலக் கண்ணாடிப் பட்டை ஒட்டியிருப்பார்கள், அதைத் தாண்டி இந்தக் கொக்கி இறங்காது. வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

ஃபால்ஸ் சீலிங் விளக்குக்கு அடியில் போடுவார்களே, வெள்ளைச் சதுரக் கட்ட பிளாஸ்டிக் தட்டி, அதை வெட்டித் தொட்டியைக் குறுக்கே இரண்டாகத் தடுப்பது இன்னொரு வழி. எக் கிரேட் என்பது இதுதான். பெரிய மீனுக்கு இது பெட்டியைவிட மேல். நாலு அங்குலத்துக்கு மேற்பட்ட டேங் மீனைப் பெட்டியில் அடைப்பது கொடுமை, அதற்குத் தட்டிதான் சரி. குறை இரண்டு. ஒரு கட்டம் சுமார் அரை அங்குலம், அதில் ஒரு அங்குலக் கிளவுன் மீன் குட்டி தாராளமாக நுழைந்து போகும். சற்றுப் பெரிய மீன் தலையை விட்டுச் செவுள் மூடியில் மாட்டிக்கொள்ளும். அடுத்தது, பாறை இருக்கும் தொட்டியில் தட்டி ஒருபோதும் கச்சிதமாக உட்காராது. பாறைக்கு அடியில் விரலளவு சந்து இருந்தால்கூட டாட்டிபேக் போன்ற சிறு முரட்டு மீன் கண்டுபிடித்துவிடும்.

ரெடிமேட் அக்ரிலிக் பெட்டிகள் பரவாயில்லை. சக்ஷன் கப் வைத்தவற்றை வாங்கினால் அதை மட்டும் நம்பாதீர்கள். கண்ணாடியில் மெல்லிய பாசி படிந்தாலே பிடி போய்விடும். நடுராத்திரி பெட்டி கவிழ்ந்து, மூடி திறந்து, புது மீன் இருட்டில் அடிக்கிற மீனின் இடத்திலேயே போய் விழும். மேக்னெட் வைத்ததை வாங்குங்கள், அல்லது சக்ஷன் கப்போடு தூண்டில் நரம்பு கட்டி மேல்பட்டையில் முடிச்சுப் போடுங்கள். மேக்னெட் முழுக்க பிளாஸ்டிக்காலோ எபாக்ஸியாலோ மூடியிருக்கிறதா என்று ஓரங்களைத் தடவிப் பாருங்கள். பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே போய் மேக்னெட் துருவாகக் கரையும். அதன் உலோகப் பூச்சில் நிக்கலும் செம்பும் இருப்பதால் இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் கேடு.

சொல்லிச் செய்யும் பெட்டி

பாரிமுனைப் பக்கத்துத் தெருக்களில் விளம்பரப் பலகை செய்யும் அக்ரிலிக் கடைகளில் அளவு கொடுத்தால் வெட்டி ஒட்டித் தருவார்கள். வலைப் பெட்டியைப்போலப் பல மடங்கு ஆகும், ஆனாலும் ஒரு நல்ல டேங் மீனின் விலையை எட்டாது. கேட்க வேண்டிய அளவு இது: நீளம் 12 அங்குலம், அகலம் 6, உயரம் 6. தாள் 4 மி.மீ., தெளிவான நிறமற்ற வகை. மூடி மட்டும் 5 மி.மீ. கேளுங்கள். மூடியின் அடிப்பக்கம் ஈரத்திலும் மேல்பக்கம் காற்றிலும் இருப்பதால் மெல்லிய அக்ரிலிக் வளைந்துவிடும், வளைந்த மூடி ஓரத்தில் சந்து கொடுக்கும், அந்தச் சந்து வழியாக ஃபயர்ஃபிஷும் ராஸ் மீனும் துள்ளி வெளியே வந்துவிடும்.

ஓட்டை 5 மி.மீ., ஓட்டைக்கு ஓட்டை ஒன்றரை செ.மீ. இடைவெளி. இரண்டு குறுகிய பக்கங்களிலும் முழுக்க, அடியில் இரண்டு வரிசை, நீளப் பக்கங்களில் மேலே ஒரே வரிசை. நீளப் பக்கத்தை ஓட்டையால் நிரப்பிவிட்டால் பழைய மீனுக்கு உள்ளே தெளிவாகத் தெரியாது. 5 மி.மீ.யைவிடப் பெரிய ஓட்டையில் சிறிய கோபி வாயை நுழைக்கும், 3 மி.மீ. ஓட்டை ஒரு வாரத்தில் பாசிப் படலத்தால் அடைபட்டுவிடும். ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் உட்புறமும் வெளிப்புறமும் உப்புத்தாளால் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். ட்ரில் போட்ட விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், பயந்த மீன் அதில் உரசினால் அந்தக் காயம் வழியாகவே புண் பரவும்.

குறுகிய பக்கம் ஒன்றில் மேலிருந்து கீழே சறுக்கும் கதவு வைக்கச் சொல்ல வேண்டும். பலரும் இதை விட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். கதவு இருந்தால் மீனை வெளியே விடும்போது பெட்டியைக் கவிழ்க்க வேண்டாம், அதே பெட்டி பின்னால் அடிக்கிற மீனைப் பிடிக்கும் பொறியாகவும் ஆகும்.

ஒட்டுவதற்கு அக்ரிலிக்கைக் கரைத்து இணைக்கும் திரவம்தான் பயன்படுத்த வேண்டும். அக்வேரியம் சிலிகான் அக்ரிலிக்கில் உறுதியாகப் பிடிக்காது, சில வாரத்தில் தோலாக உரிந்து வரும். ஒட்டி முடித்து வாங்கிய பெட்டியை இரண்டு நாள் காற்றோட்டத்தில் வையுங்கள். பிறகு ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவுங்கள். மோந்து பார்த்தால் மருந்து வாசனை சுத்தமாக இருக்கக் கூடாது. இருந்தால் மறுபடி ஊறட்டும்.

எடையைப் பற்றிப் பயம் வேண்டாம். இந்த அளவுப் பெட்டி கடல் தண்ணீருக்குள் சுமார் 150 கிராம் அளவுக்குத்தான் கீழே இழுக்கும், கண்ணாடியின் தடிமனுக்கு ஏற்ற ஒரு ஜோடி மேக்னெட் தாங்கிவிடும். வெளியே தூக்கும்போதுதான் கவனம்: உள்ளே 7 லிட்டர் தண்ணீர், 7 கிலோ. ஓட்டை வழியாக வடிய விட்டு மெதுவாகத் தூக்க வேண்டும்.

உள்ளே போட, மீன் நுழையும் அளவுள்ள பிவிசி எல்போ (வளைவுக் குழாய்) ஒன்று அல்லது இரண்டு வேண்டும், தெருமுனை பிளம்பிங் கடையிலேயே கிடைக்கும். புதியது, பசை படாதது. ஒளிய இடமில்லாத கண்ணாடிப் பெட்டியில் ஒரு மீனை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நாள் முழுக்க நிறுத்திவைப்பது அதற்குச் சித்திரவதை. எல்போ இல்லாமல் பெட்டியைப் பயன்படுத்தாதீர்கள்.

பயன்படுத்தும் முறை

காலிப் பெட்டியை ஒரு நாள் முன்னதாகவே தொட்டியில் மாட்டிவிடுங்கள். பழைய மீன்கள் அதைச் சுற்றிப் பார்த்துச் சலித்துவிடும். மாட்டும் இடம் முக்கியம். கிளவுன் ஜோடி குடியிருக்கும் மூலை, டாம்சல் நுழைந்து புறப்படும் பொந்து, இவற்றின் பக்கம் வேண்டாம். யாருக்கும் சொந்தமில்லாத நடுக்கண்ணாடிப் பகுதி நல்லது. வேவ்மேக்கரின் (தண்ணீரில் ஓட்டம் உண்டாக்கும் மோட்டார்) நேர் வீச்சில் வைத்தால் உள்ளே மீன் நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டே களைத்துவிடும், நீரோட்டமே இல்லாத பின்மூலையில் வைத்தால் ஆக்சிஜன் குறையும். உள்ளே போட்ட உணவுத் துணுக்கு மெல்ல நகர்ந்து போகிற அளவு ஓட்டம் போதும்.

கொளத்தூரிலிருந்து திருவொற்றியூருக்கோ ராயபுரத்துக்கோ வெயிலில் பை வந்து சேர்வதற்குள் தண்ணீர் சூடேறியிருக்கும். பையை மூடியபடியே 15 முதல் 20 நிமிடம் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். கடைத் தண்ணீரின் உப்பளவையும் பாருங்கள். தண்ணீரின் ஒப்படர்த்தி உங்கள் தொட்டியில் 1.025, கடையில் 1.019 என்றால் சொட்டுச் சொட்டாகக் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் சண்டைக்கு முன்பே மீன் வீழ்ந்துவிடும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டி குவாரன்டைன் ஆகாது. தண்ணீர் ஒன்றுதான், எனவே வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் பெட்டியின் ஓட்டை வழியாகவே தொட்டி முழுக்கப் பரவும். தனித் தொட்டியில் குறைந்தது நான்கு வாரம் கண்காணித்த மீனைத்தான் இந்தப் பெட்டிக்குக் கொண்டுவர வேண்டும். பெட்டியை விற்கும்போது "இதுவே குவாரன்டைன் மாதிரிதான்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தொட்டி விளக்கை அணைத்துவிட்டு மீனைப் பெட்டிக்குள் விடுங்கள். சில மணி நேரம் கழித்து மங்கலான வெளிச்சம் போதும். முதல் நாள் பழைய மீன் துடுப்பை விரித்து, நிறம் மாறி, கண்ணாடியில் முட்டும். பெட்டிக்குள் இருப்பது எல்போவுக்குள் ஒண்டும். இரண்டும் எதிர்பார்த்ததே. வெளியிலிருப்பது இடைவிடாமல் முட்டி வாய் சிவந்துபோனால், அந்தப் பக்கத்தில் வெள்ளை பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் செருகி மறைத்து, நாளுக்கு ஒரு மணி, இரண்டு மணி என்று திறந்து காட்டுங்கள்.

உணவு நேரத்தில்தான் பழக்கம் வேகமாக ஏறும். முதலில் தொட்டியின் எதிர்க்கோடியில் பழைய மீன்களுக்குப் போடுங்கள், அவை தின்னத் தொடங்கியதும் பெட்டிக்குள் போடுங்கள். சில நாள் கழித்து பெட்டிக்குப் பக்கத்திலேயே பழைய மீனுக்கும் போடலாம். புது மீன் வந்தால் சாப்பாடு குறையவில்லை என்று அதற்குத் தெரிய வேண்டும். நாளுக்கு ஒரே தடவை கொட்டுவதைவிட மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போடும் தொட்டிகளில் சண்டை குறைவு. டேங் மீனுக்கு உப்பும் மசாலாவும் சேராத நோரித் தாள், அல்லது மண்டபம் பக்கம் எடுக்கும் கஞ்சிப்பாசியைக் கழுவி, கிளிப்பில் இரண்டு இடத்தில் மாட்டுங்கள். பெட்டிக்குள் மிஞ்சியதை ஏர் டியூபால் தினமும் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

எத்தனை நாள்? சாதாரணமாக மூன்றிலிருந்து ஏழு நாள், முரட்டுத் தொட்டியில் பத்து நாள். இரண்டு வாரத்துக்கு மேல் யாரையும் அடைத்து வைக்காதீர்கள். நாளை எண்ணுவதைவிட நடத்தையைப் பார்ப்பதே சரி: பழைய மீன் பெட்டியைக் கண்டுகொள்ளாமல் கடந்து போக வேண்டும், புது மீன் விளக்கு வெளிச்சத்திலேயே எல்போவை விட்டு வெளியே வந்து சாப்பிட வேண்டும். இரண்டும் நடந்த அடுத்த நாள் விடலாம். ஒன்று மட்டும் நடந்தால் போதாது. சாப்பிடாத மீனை விட்டால், பழைய மீன் சும்மா இருந்தாலும் அது மெலிந்தே சாகும்.

விடும் நாளில் மாலை எல்லோருக்கும் வயிறார உணவு. பாறைகளில் மூன்றில் ஒரு பங்கையாவது இடம் மாற்றுங்கள், பழைய மீனின் எல்லைக் கணக்கு கலைந்து அதுவும் புதிதாக இடம் தேட ஆரம்பிக்கும். பொந்துகள் மீன்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக, முன்வாசல் பின்வாசல் இரண்டும் உள்ளவையாக இருக்கட்டும். இதற்கு உலர்ந்த பாறையும் பீங்கான் பாறையும் போதும். மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த பவளப்பாறை என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். பாறை அமைக்கும் கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. விளக்கு அணைந்து அரை மணி நேரம் ஆனபின் பெட்டியைப் பாறைக்கு அருகே நகர்த்தி, கதவைத் தூக்கிவிட்டு, கையை எடுத்துவிடுங்கள். மீன் தானாக வெளியே வரும். துரத்தி வெளியேற்றக் கூடாது.

மறுநாள் விளக்கு எரியும் முதல் ஒரு மணி நேரம் பாருங்கள். ஓடிவந்து ஒரு தரம் விரட்டிவிட்டுத் திரும்பிப் போனால் அது வரிசை நிர்ணயிக்கும் வேலை, விட்டுவிடலாம். துடுப்பில் கிழிசல், மேல்மூலையில் ஒண்டுதல், சம்புக்கு (கீழே உள்ள வடிகட்டும் தொட்டிக்கு) போகும் வழியில் பதுங்குதல், உணவுக்கு வராமை, இவற்றில் ஏதேனும் இருந்தால் உடனே தலையிடுங்கள்.

அப்போது பெட்டிக்குள் போக வேண்டியது அடிபட்ட மீன் இல்லை, அடித்த மீன். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். அடிபட்டதை மறுபடி அடைத்தால் தொட்டி மறுபடி ரௌடியின் முழு உரிமைக்குப் போய்விடும். ரௌடியை நான்கைந்து நாள் பெட்டியில் வைத்தால், மற்ற மீன்கள் அதன் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். திரும்பி வரும்போது அதுதான் புது மீன்.

பிடிப்பதற்குப் பெட்டியையே பொறியாக்கலாம். கதவைத் திறந்தபடி மணல் மேல் வைத்து, இரண்டு மூன்று நாள் உணவை உள்ளேயே போட்டுப் பழக்குங்கள். ரௌடிதான் வழக்கமாக முதலில் நுழையும். கதவில் கட்டிய தூண்டில் நரம்பை வெளியிலிருந்து விட்டால் கதவு விழும். டேங் மீனை வலையில் பிடிக்காதீர்கள், வால்முள் வலையில் சிக்கும், உங்கள் கையையும் கிழிக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு மொண்டு எடுப்பது நல்லது.

எந்த மீனுக்குப் பெட்டி உதவும்

ராயல் கிராமா, குட்டி ஏஞ்சல்கள், ஃபேரி ராஸ், மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட டேங், இவற்றை அமைதியான பழைய குடிகளோடு சேர்க்கப் பெட்டி அருமையாக உதவுகிறது. சிக்ஸ்லைன் ராஸ் இருக்கும் தொட்டியில் ஃபயர்ஃபிஷைச் சேர்ப்பது சிரமம். பெட்டி வாய்ப்பைக் கூட்டும், உறுதி கொடுக்காது. ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே உணவு என்று எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவு பகை. மஞ்சள் டேங்குக்கு இன்னொரு மஞ்சள் மீனைவிட அதே உருவமுள்ள இன்னொரு டேங்தான் கண்ணை உறுத்தும். டேங் சண்டைக்குக் கண்ணாடிக்கு வெளியே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை நாளுக்கு ஒரு மணி நேரம் சாய்த்து வைக்கலாம். ரௌடி தன் நிழலோடு முட்டிக்கொண்டிருக்க, புது மீன் நிம்மதியாகச் சுற்றும். பெட்டியோடு சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது.

கிளவுன் தனிக் கணக்கு. குட்டிகள் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், திரும்ப ஆணாகாது. இரண்டு பெரிய மீன்களை வாங்கிச் சேர்த்தால் இரண்டும் பெண்ணாக இருக்கலாம், அந்தச் சண்டை எந்தப் பெட்டியிலும் தீராது. பெரியது ஒன்று, அதில் பாதி அளவுக் குட்டி ஒன்று என்று எடுங்கள். குட்டி பக்கவாட்டில் சாய்ந்து உடலை நடுக்கிக் காட்டினால் அடங்கிவிட்டது என்று பொருள், பெட்டியைத் திறக்கலாம். சேர்ந்த ஜோடிக்கு மூன்றாவதைச் சேர்க்கவே கூடாது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மையமும் கிளவுனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை நம் கரையிலேயே நிலைநாட்டியிருக்கின்றன. பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். அவை பெல்லட்டுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும், பெட்டியில் இருக்க வேண்டிய நாளும் குறையும்.

டோமினோ டாம்சல், மெரூன் கிளவுன், டிரிகர் ஏற்கெனவே ஆண்டுகொண்டிருக்கும் இரண்டடி, மூன்றடித் தொட்டிக்குப் பெட்டி வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். 36க்கு 18க்கு 18 அங்குலத் தொட்டியில் தண்ணீர் 190 லிட்டர்தான், பாறை போக இன்னும் குறைவு. அங்கே தேவை அந்த மீனுக்கு வேறு வீடு. புதுத் தொட்டியைப் பதப்படுத்த (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை வளரவிட) மலிவாக மூன்று டாம்சல் போடச் சொல்லும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். மீனில்லாமல் அமோனியா சேர்த்தே தொட்டியைப் பதப்படுத்தலாம். முதலில் குடியேறிய டாம்சல் பிறகு வரும் ஒவ்வொன்றையும் அடிக்கும், பாறை முழுவதையும் வெளியே எடுக்காமல் அதை வலையில் பிடிக்கவும் முடியாது. சாதுவை முதலில், முரடைக் கடைசியில் என்று சேர்த்தால் பெட்டிக்கு வேலையே பாதியாகும். லயன்ஃபிஷும் களவாவும் சிறு மீனை விழுங்குவது சண்டையே இல்லை, பசி. வாய்க்குள் அடங்கும் மீனை எத்தனை நாள் பெட்டியில் காட்டினாலும் அது இரைதான்.

மின்தடையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வேவ்மேக்கர் நின்றதும் தொட்டியில் மற்ற மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து சமாளிக்கும், பெட்டிக்குள் இருப்பது 7 லிட்டரில் மாட்டிக்கொண்டிருக்கும். கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும்போது கரைந்த ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. பேட்டரி ஏர் பம்பின் கல்லைப் பெட்டிக்குள்ளேயே போட வசதியாக மூடியில் ஒரு டியூப் நுழையும் ஓட்டையும் கேட்டு வாங்குங்கள்.

கழுவுவதற்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து சில மணி நேரம் ஊறவைத்தால் சுண்ணாம்புப் பாசி இளகிவிடும், பழைய டூத்பிரஷால் ஓட்டைகளைத் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். சோப்பு கூடாது. ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படக் கூடாது. அக்ரிலிக்கில் நரம்பு நரம்பாக வெடிப்பு விழுந்து, ஒட்டிய மூலையிலிருந்து பெட்டி பிளக்கும். மேக்னெட்டை மட்டும் கழற்றித் துடைத்து, உலர்ந்த இடத்தில் தனியாக வையுங்கள்.